தோல் சொரசொரப்பு: தேய்த்தால் கறுக்கும், ஊறினால் இளகும்

அழகாபுரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, எனக்கு 24 வயசு. ரெண்டு மேல்கையிலும் பின்பக்கம் குருணை குருணையா இருக்கு, தொட்டா உரிச்ச கோழித்தோல் மாதிரி. தொடையிலும் கொஞ்சம். அரிப்பு, வலி எதுவும் இல்லை. ஏற்காடு போனப்ப ஒரு காபி ஸ்க்ரப் வாங்கிட்டு வந்து, பீர்க்கன் நார் வெச்சு தினமும் தேய்க்கிறேன். அன்னைக்கு ராத்திரி வழுவழுன்னு இருக்கு, மறுநாள் பழையபடிதான். இப்போ கை கறுத்த மாதிரியும் தெரியுது. தை மாசம் கல்யாணம். என்ன செய்யலாம்?"

நான் சேலத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு கடைக்கு வருகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முழுக்கைச் சட்டையை லேசாக ஏற்றிக் காட்டுவார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பீர்க்கன் நாரை இன்றே ஓரம் வையுங்கள். மற்றதெல்லாம் பொறுமையாகப் படிக்கலாம், இதற்கு மட்டும் நாள் கடத்த வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிற நிலை. நோய் என்று சொல்வதைவிட தோலின் சுபாவம் என்று சொல்லலாம். பதின்ம வயதில் பாதிப் பேருக்கும் மேல் இருக்கும், பெரியவர்களில் பத்தில் நான்கு பேர் வரை இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தொற்றாது. அழுக்காலும் வராது, குளிக்காததாலும் வராது. வீட்டில் அம்மாவையோ அத்தையையோ மேல்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவரிடமாவது இருக்கும், ஏனென்றால் இது குடும்பத்தில் இறங்கி வருவது. சிறு வயதில் கரப்பான், வீசிங், தும்மல் என்று அவஸ்தைப்பட்டவர்களிடம் கூடுதலாகவே பார்க்கிறோம். தோலின் மேல் அடுக்கை இறுக்கிப் பிடிக்கிற ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குத் தோலில் ஈரம் நிற்காது.

ஒரு குருணையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தோலுக்குப் பக்கவாட்டில் பிடித்தால் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு புடைப்பும் சரியாக ஒரு முடித்துளையின் வாயில்தான் இருக்கும். துளை இல்லாத இடத்தில் ஒன்றுகூட இருக்காது. புடைப்பின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெளுத்த ஒரு துகள். அது கெரட்டின், நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே பொருள். துளை ஓரத்துச் செல்கள் உதிர வேண்டிய நேரத்தில் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப் போய் அடைப்பாகிவிடுகின்றன. சில புடைப்புகளுக்குள் வெளியே வர வழியில்லாத மெல்லிய முடி சுருண்டு கிடப்பதும் தெரியும். கிள்ளினால் அந்த வெள்ளைத் துகள் வந்துவிடும், கூடவே ஒரு சிவப்புப் புள்ளியும் வரும். நம் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு கறுப்பாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். அதனால் கிள்ளுவது கூடாது.

இப்போது தேய்ப்பதற்கு வருவோம். அடைப்பு இருப்பது துளைக்குள்ளே. நாரும் ஸ்க்ரப்பும் தொடுவது மேற்பரப்பை. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் அது சீவிவிடும், அடி அப்படியே இருக்கும். ஓரிரு நாளில் நுனி திரும்ப எழும்பும். அன்று இரவு வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் காபித்தூள் இல்லை, அந்த டப்பாவில் கலந்திருக்கும் எண்ணெய். அதே அளவு தேங்காய் எண்ணெயை வெறுமனே தடவியிருந்தாலும் அந்த வழுவழுப்பு கிடைத்திருக்கும். ஏற்காட்டுக் காபி நல்ல அரபிக்கா, டிகாக்‌ஷனுக்கு அருமையானது. ஆனால் அந்தத் தூளுக்குக் கெரட்டினைக் கரைக்கும் சக்தி கிடையாது.

கறுத்தது ஏன்? தோலைத் தினமும் உரசினால் அது தன்னைக் காத்துக்கொள்ள இரண்டு வேலை செய்யும்: தடிக்கும், நிறமியைக் கூட்டும். நைலான் நார், பிரஷ், பீர்க்கன் நார் போட்டு வருடக்கணக்கில் முதுகு, மேல்கை, கழுத்தெலும்பு மேல் தேய்ப்பவர்களுக்கு அலை அலையாகக் கரும்படலம் விழுவதை நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் நன்றாகவே அறிவார்கள். உராய்வால் வரும் கருமை என்றே அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் வேதனையான விஷயம், அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பதுதான். எத்தனையோ பேர் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள். போதாததற்கு, குளியலறையில் ஈரத்தோடு தொங்கும் நாரில் கிருமி பெருகும். அதே நாரைக் கொண்டு அடைபட்ட முடித்துளைகளைத் தேய்த்தால் சீழ்க்கொப்புளம் வரும். உங்களுக்கு வந்திருப்பது ஆரம்பக் கருமை என்றால் உரசலை நிறுத்தினாலே மெல்ல வெளுக்கும். மாதங்கள் ஆகும், ஆனால் வெளுக்கும்.

சரி, அடைப்பை எப்படி எடுப்பது? கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு மூன்று பொருள்கள் காலகாலமாக மருந்துக்கடைகளில் இருக்கின்றன: யூரியா, லாக்டிக் அமிலம், சாலிசிலிக் அமிலம்.

யூரியா என்றதும் வயலுக்குப் போடுவது ஞாபகம் வரும். வேதிப்பொருள் அதேதான், ஆனால் களிம்புக்கு வருவது சுத்திகரித்த மருந்துத்தரம். நம் தோலே ஈரத்தைப் பிடித்துவைக்க இதை இயற்கையாக வைத்திருக்கிறது. 10 சதவீதம் வரை முக்கியமாக ஈரப்பதம் தரும், லேசாக இளக்கும். 20 சதவீதத்துக்குப் போனால் கெரட்டினைப் பிரிக்கவே ஆரம்பித்துவிடும். 40 சதவீதக் களிம்பு தடித்த நகத்தைக் கரைக்கப் பயன்படுவது, அதை மேல்கைக்கு வாங்கிவிடாதீர்கள். இங்கே ஒரு கடைக்காரன் குறிப்பு: உடலுக்கென்று அழகான பாட்டிலில் வரும் யூரியா லோஷனும், பித்தவெடிப்புக்கென்று ட்யூபில் வரும் யூரியா கிரீமும் பல சமயம் ஒரே சரக்கு. பெயரைப் பார்க்காமல் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். பித்தவெடிப்புக் களிம்புகள் சிலவற்றில் சாலிசிலிக் அமிலமும் கூடுதல் அளவில் கலந்திருக்கும், அது குதிகாலுக்கானது.

லாக்டிக் அமிலம் தயிரின் புளிப்பில் இருப்பது. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்துவதோடு ஈரத்தையும் இழுத்து வைக்கும். கடையில் 5 முதல் 12 சதவீதம் வரை லோஷனாகக் கிடைக்கிறது. "அப்போ தயிரையே பூசலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பூசலாம், கெடுதல் இல்லை. ஆனால் தயிரில் இந்த அமிலம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். பத்து நிமிடம் பூசிக் கழுவினால் முடித்துளைக்குள் ஒன்றும் நடக்காது.

சாலிசிலிக் அமிலத்தின் சிறப்பு அது எண்ணெயில் கரையும் என்பது. முடித்துளைக்குள் எண்ணெய்ப்பசை இருப்பதால் அதன் வழியே உள்ளே இறங்கும். தாய்லாந்தில் 10 சதவீத லாக்டிக் அமிலத்தையும் 5 சதவீத சாலிசிலிக் அமிலத்தையும் 12 வாரம் பூசிப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குருணை முதலாவதில் 66 சதவீதமும் இரண்டாவதில் 52 சதவீதமும் குறைந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது 12 வாரம் என்பதைத்தான். மேல்தோல் முழுசாகப் புதுப்பித்துக்கொள்ளவே நான்கு வாரத்துக்கு மேல் ஆகும். ஒரே வாரத்தில் பளபளப்பு என்று போட்டிருக்கும் எதையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை லாக்டிக் அமிலம் அல்லது 10 சதவீத யூரியா, இரண்டில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். எரிந்தால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். முதலில் முழங்கைக்கு மேலே உள்பக்கம் ஓர் இடத்தில் இரண்டு மூன்று இரவு பூசிப் பாருங்கள். சிவந்து தடிக்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பித்து, பிறகு தினமும் இரவில். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, ஈரோட்டுத் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்த்துத் துடைக்க வேண்டாம். தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, மூன்று நான்கு நிமிடத்துக்குள், பூசிவிடுங்கள். அளவு எவ்வளவு என்றால், ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். ஒரு மேல்கையின் பின்பக்கத்துக்கு அவ்வளவுதான். முதல் சில நாள் லேசாகச் சுரீரென்று இருக்கும், அது சகஜம். ஷேவ் செய்த அன்றும் வாக்ஸிங் முடித்த அன்றும் பூசாதீர்கள், எரிச்சல் தாங்காது.

ஆறேழு வாரத்தில் தொட்டால் வித்தியாசம் தெரியும். அதன்பிறகும் முரட்டுத்தனமாக இருக்கும் இடங்களுக்கு மட்டும் 20 சதவீத யூரியாவுக்குப் போகலாம். தை மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தால் தாராளமான நேரம். ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் பூச வேண்டாம். யாராவது அன்பாக எந்தப் பொடியைக் கொடுத்தாலும் சரி, அழகு நிலையத்தில் எந்தச் சிறப்புப் பாலிஷ் சொன்னாலும் சரி. ஒன்றையும் மனதில் வையுங்கள்: பூசுவதை முழுசாக நிறுத்தினால் சில வாரங்களில் குருணை திரும்ப எட்டிப் பார்க்கும். நன்றாக இளகியபின் வாரம் இரண்டு மூன்று இரவு பூசிவந்தால் போதும்.

கர்ப்பம் தரித்தால் யூரியாவும் லாக்டிக் அமிலமும் தொடரலாம். சாலிசிலிக் அமிலத்தை உடம்பில் பெரிய பரப்பில் பூசுவதையும், ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த) வகைக் களிம்புகளையும் அப்போது நிறுத்திவிட வேண்டும். கல்யாணம் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊரில் அதையும் பார்க்க வேண்டும். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்க் காவிரித் தண்ணீர். அது போதாமல் பல வீடுகளில் குளிக்கப் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறும். வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அந்தப் படிவு தோலிலும் தங்கும். சோப்பே காரத்தன்மை உள்ளது, அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவு 9, 10 வரை போகும். தோலுக்கு வேண்டியது 5ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை. ஆகவே மேல்கைக்கும் தொடைக்கும் சோப்பைக் குறையுங்கள். அக்குள், இடுப்பு, பாதம் இவற்றுக்குப் போட்டால் போதும். கடைசி இரண்டு சொம்பு காவிரித் தண்ணீராக இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

நலங்கு மாவு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கல்யாண வீடு, கண்டிப்பாக யாராவது செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக்கடையில் சாமான் வாங்கி அரைத்துக் கொடுப்பார்கள். பயத்தம் பருப்பு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், கோரைக்கிழங்கு எல்லாம் சோப்புக்குப் பதிலாக நல்லவைதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அதைவிட இதமானது வேறில்லை. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். மில்லில் அரைத்ததை அப்படியே போடாமல் வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து, மைபோல் இருக்கும் பொடியை மட்டும் பயன்படுத்துங்கள். மேலே நிற்கும் நொறுங்கு ஸ்க்ரப் செய்யும் வேலையைத்தான் செய்யும். இரண்டாவது, பட்டியலில் கார்போகரிசி இருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் சோராலன் இருக்கிறது. அது தோலில் பட்ட நிலையில் வெயிலில் போனால் கொப்புளமோ கருமையோ வரும். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் சோராலனைக் கொடுப்பதே வெயிலோடு சேர்த்து நிறத்தை வரவழைக்கத்தான். மணப்பெண்ணின் கைக்கு அது வேண்டாத வேலை. எலுமிச்சைத் தோலைத் தேய்த்துவிட்டு வெயிலில் நின்றாலும் இதே கதைதான்.

வெயில் என்றதும் ஏற்காடு ஞாபகம் வருகிறது. லாக்டிக் அமிலம் பூசும் காலத்தில் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சுடும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை அந்த மென்மை இருக்கும். மலையில் குளுகுளுவென்று இருப்பதால் வெயில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 1000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு சேலத்தைவிடச் சுமார் 1200 மீட்டர் உயரம். ஏரிப் படகிலும் லேடீஸ் சீட் காட்சிமுனையிலும் கைமேல் விழும் வெயில் நம் ஊர் வெயிலைவிடக் காரமானது, சூடு மட்டும்தான் தெரியாது. முழுக்கைச் சட்டை போடுங்கள், இல்லையென்றால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன் பூசுங்கள். மலையில் குடியிருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மார்கழி, தை மாதங்களில் காற்று குளிர்ந்து வறண்டுவிடும், எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கும் சமயமும் அதுதான். அப்போது குருணை தடிப்பது இயல்பு. அந்த இரண்டு மாதம் காலையிலும் ஒருமுறை வெறும் ஈரப்பத கிரீம் அல்லது தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

இன்னொன்று மனதில் பாரமாக இருப்பது, கடையில் தினமும் பார்ப்பது. "ஏதாவது ஒரு களிம்பு குடுங்க" என்று கேட்டு, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஸ்டீராய்டுக்கும் சேர்த்து ஒரே ட்யூபில் இருக்கும் கலவையை வாங்கிப் பூசுகிறார்கள். முதல் வாரம் சிவப்பு அடங்கி அற்புதமாகத் தெரியும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு திரும்பப் போகாது. 2018இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கியது இதனால்தான். பக்கத்துவீட்டு அக்கா அனுப்பிய ட்யூப் படத்தைக் காட்டி வாங்காதீர்கள். குருணைக்கு ஸ்டீராய்டு மருந்தே இல்லை. அழற்சி மிகுதியாக இருந்தால் மருத்துவர் சில நாளுக்கு எழுதலாம், அது வேறு.

இதுபோலவே தோன்றும் வேறு சிலதும் உண்டு. முதுகிலும் மார்பிலும் ஒரே அளவில் சிறு புடைப்புகள் வந்து, வியர்த்தால் அரித்தால், அது முடித்துளையில் பூஞ்சை பெருகுவதாக இருக்கலாம். அதற்கு அமில லோஷன் உதவாது, பூஞ்சை மருந்து வேண்டும். சித்திரை வெயிலில் திடீரென்று வந்து சுருக்சுருக்கென்று குத்துவது வேர்க்குரு. கெண்டைக்காலின் முன்பக்கம் வருடக்கணக்கில் அரித்து, சொறியச் சொறியக் கரடுமுரடாகத் தடிப்பது இன்னொரு வகை. சிறு பிள்ளைகளுக்கு முழங்கை, முட்டி, புட்டத்தில் முள்முள்ளாக வந்தால் சத்துக்குறைவைச் சந்தேகிக்க வேண்டும். 1933இல் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் இதை வைட்டமின் ஏ குறைவோடு தொடர்புபடுத்தி எழுதினார். கொழுப்பு அமிலக் குறைவும் பி வைட்டமின் குறைவும் காரணமாகலாம் என்பது பிறகு தெரிந்தது. முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, நிலக்கடலை, சமைத்த உணவில் கொஞ்சம் எண்ணெய் எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் மருந்து. மாலை மங்கியதும் கண் தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களுக்கும், 12 வாரம் ஒழுங்காகப் பூசியும் அசையவில்லை என்றாலோ, புடைப்புகளில் சீழ் வைத்தாலோ, உடம்பு முழுக்க வறண்டு எடை கூடி அசதியும் சேர்ந்திருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்குத் தைராய்டு சோதனையும் எடுக்கச் சொல்வார். தனியாரிடம் போக வேண்டும் என்றில்லை. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். இதுவரை பூசிய ட்யூப், ஸ்க்ரப், பொடி எதுவானாலும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், "ஏதோ கிரீம் போட்டேன்" என்பதைவிட அந்தப் பைதான் அவருக்கு உதவும்.